புகாரை அவர் மறுக்கிறார்: எந்த வழியில் விசாரிப்பது?

கிண்டி தொழிற்பேட்டையில் சின்ன நிறுவனம் நடத்தும் தோழி ஒருத்தி சில வாரங்களுக்கு முன் இரவில் போன் செய்தாள். அவளிடம் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். அதில் ஒரு பெண், தன் மேலாளர் தன்னிடம் மூன்று முறை தவறாக நடந்துகொண்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். மேலாளர் ஒரே வரியில் மறுக்கிறார். பார்த்தவர்கள் யாரும் இல்லை. "பன்னிரண்டு வருஷமா என்கூட இருக்கிறவர்டி. அந்தப் பொண்ணு பொய் சொல்ற மாதிரியும் தெரியலை. நான் யாரை நம்புறது?"

யாரை நம்புவது என்ற முடிவை நீ எடுக்கவே வேண்டாம், எந்த வழியில் விசாரிப்பது என்பதை மட்டும் இன்றைக்கு முடிவு செய் என்றேன். அன்று ஒரு மணி நேரம் பேசினோம். அவளிடம் சொன்னதையும், அவசரத்தில் விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன். பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகங்களில் பதினான்கு வருடம் எச்.ஆர். வேலை பார்த்தவள் நான். இப்போது இரண்டு நிறுவனங்களில், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் வெளி உறுப்பினர். கீழே வரும் சம்பவங்களில் ஆட்களையும் இடங்களையும் மாற்றியிருக்கிறேன். விசாரணை விவரங்களை வெளியே சொல்லக் கூடாது என்பது, பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. ஆளை அடையாளம் காட்டாமல், நீதி கிடைத்ததைப் பற்றிச் சொல்ல அதே பிரிவு இடம் தருகிறது.

முதலில், எல்லோரும் இயல்பாகக் கை வைக்கும் வழி: இரண்டு பேரையும் தனித்தனியே கூப்பிட்டுப் பேசி, சத்தமில்லாமல் முடிப்பது. நானும் இதைச் செய்தவள்தான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், ஒரு பெண் என்னிடம் வந்து அழுதார். நான் அவரை வேறு டீமுக்கு மாற்றினேன். அந்த அதிகாரியை டீ குடிக்கும் இடத்தில் பார்த்து, "சார், கொஞ்சம் பார்த்து நடந்துக்கங்க" என்றேன். நல்லது செய்துவிட்டதாகவே அன்றைக்கு நினைத்தேன். புது டீமில் அந்தப் பெண்ணுக்கு வேலை பழகவில்லை, நான்கு மாதத்தில் ராஜினாமா செய்துவிட்டார். அந்த அதிகாரி வருடக்கணக்காக அதே இடத்தில் இருந்தார். ஆனால் அவரைப் பற்றிய பேச்சு மாடிக்கு மாடி பரவியது. ஒருநாள் என்னிடம், "என் மேல என்ன புகார்னு இன்னி வரைக்கும் யாரும் எனக்குச் சொல்லலை மேடம். நான் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார். அவர் செய்தாரா இல்லையா என்பது எனக்கு இன்றும் தெரியாது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டு பேருக்கும் நான் செய்தது அநியாயம். எழுத்தில் புகார் வந்த பிறகு இந்த வழி சட்டப்படியும் கிடையாது. அதனால் இதை ஒரு வழியாகவே நான் எண்ணுவதில்லை.

அடுத்தது சமரசம். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. ஆனால் இதைக் கேட்க வேண்டியவர் புகார் கொடுத்த பெண். முதலாளியோ குழுவோ "பேசி முடிச்சுக்கலாமா?" என்று ஆரம்பிக்கவே கூடாது. பணம் வாங்கிக்கொண்டு முடிப்பதும் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. சமரசம் ஆகிவிட்டால் அதோடு விசாரணை இல்லை. ஒப்புக்கொண்டதை அந்த ஆள் மீறினால் மட்டும் விசாரணை மறுபடி தொடங்கும்.

நடந்தது என்ன என்பதில் இருவரும் ஒத்துப்போகும்போது இது நன்றாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் ஆபாசமான ஜோக் போட்டார். போட்டதை அவரே ஒப்புக்கொண்டார். எழுத்தில் மன்னிப்பு, அந்தக் குழுவிலிருந்து வெளியேறுவது, இனி அலுவலக விஷயத்துக்கு மட்டும் தொடர்பு என்று முடிந்தது. அந்தப் பெண் கேட்டதும் அதுதான். ஆனால் "நடக்கவே இல்லை" என்று ஒருவர் சொல்லும்போது எதை வைத்துச் சமரசம் செய்வது? செய்யாதவர் என்றால், செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். செய்தவர் என்றால், ஒரு "சாரி"யோடு தப்பித்துவிடுவார். மறுக்கப்பட்ட புகாருக்குச் சமரசம் பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பெண்ணே கேட்டால்கூட, வீட்டிலோ டீமிலோ அழுத்தம் இருக்கிறதா என்று வெளி உறுப்பினர் தனியாக உட்கார்ந்து ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

இனி உள்ளகக் குழுவின் முழு விசாரணை. தோழிக்கு நான் சொன்ன வழி இதுதான்.

பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் எந்த இடத்திலும் இந்தக் குழு இருந்தாக வேண்டும். இல்லையென்றால் 50,000 ரூபாய் வரை அபராதம். தலைவர் மூத்த பதவியில் இருக்கும் பெண். ஊழியர்களில் குறைந்தது இரண்டு பேர். பெண்களுக்காக வேலை செய்யும் அமைப்பிலிருந்தோ இந்த விஷயம் தெரிந்தவர்களிலிருந்தோ வெளியாள் ஒருவர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று வருடம். தோழியின் அலுவலகச் சுவரில் குழு விவரம் ஒட்டியிருந்தது. ஆனால் அதில் இருந்த வெளி உறுப்பினர் கோயம்புத்தூர் போய் இரண்டு வருடம் ஆகிறது, மூன்று வருடமும் முடிந்துவிட்டது. காலாவதியான குழு கொடுக்கும் அறிக்கை மேல்முறையீட்டில் முதல் நாளே விழுந்துவிடும். குழுவைச் சரிசெய்வதுதான் அவள் செய்ய வேண்டிய முதல் வேலை. அந்த மேலாளருக்குக் கீழே வேலை செய்யும் யாரும் குழுவில் இருக்கக் கூடாது, தோழியும் உள்ளே தலையிடக் கூடாது. வெளி உறுப்பினருக்குச் சட்ட விதிகளில் உள்ள தினப்படி 200 ரூபாய்தான். நல்ல ஆள் வேண்டுமென்றால் அதற்கு மேல் கொடுக்கத் தயங்காதே என்றேன்.

விசாரணையின் நடைமுறை பலருக்குத் தெரிவதில்லை. புகார் கிடைத்த ஏழு வேலை நாளுக்குள் அதன் நகல் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். அவர் பத்து வேலை நாளுக்குள் தன் பதிலையும் சாட்சிகளின் பெயர்களையும் கொடுக்க வேண்டும். இரு தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். முடிந்த பத்து நாளில் அறிக்கை, அறிக்கை வந்த 60 நாளில் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும். யாருக்குத் திருப்தி இல்லையோ அவர் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். குற்ற வழக்கைப் போல ஐயத்திற்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகமா என்பதுதான் அளவுகோல்.

புகாரின் முழு நகலை எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டும் என்றதும் தோழி தயங்கினாள். "எல்லாத்தையும் அவர்கிட்ட காட்டிட்டா, அந்தப் பொண்ணு கதி?" நல்ல மனதோடு கேட்கப்படும் கேள்வி இது, நானும் ஒரு காலத்தில் கேட்டதுதான். என் எண்ணத்தை மாற்றியது ஒரு விசாரணை.

சிறுசேரிப் பக்கம் ஓர் அலுவலகம். ஒரு பெண் தன் டீம் லீடர் மேல் மூன்று விஷயங்கள் எழுதியிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு வீட்டுக்குப் போகும் கம்பெனி வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தார், விடவில்லை. பல நாள் நடு ராத்திரியில் மெசேஜ் அனுப்பினார். ஆண்டு மதிப்பீட்டு நேரத்தில் "கொஞ்சம் அனுசரிச்சுப் போனா நல்ல ரேட்டிங் வரும்" என்றார். நகல் கொடுத்தோம். பதில் வந்தது. "அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வண்டியிலேயே போகவில்லை. என் பைக்கில் போனேன். எனக்கும் இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள்."

பார்த்தால் அவர் சொன்னது உண்மை. செவ்வாய் இரவு பைக் வெளியே போவது வாகன நிறுத்தக் கேமராவில் பதிவாகியிருந்தது. குழுவில் ஒருவர், "அப்போ இந்தப் பொண்ணு பொய்தானே சொல்லுது?" என்று ஃபைலையே மூடப் பார்த்தார். தலைவர் நிதானமானவர். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, எதையும் எடுத்துக் கொடுக்காமல், அன்றைக்கு மத்தியானத்திலிருந்து என்னென்ன நடந்தது, வரிசையாகச் சொல்லுங்கள் என்றார். அவர் சொல்லிக்கொண்டே வந்தபோது அன்று மாலை ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருடன் நடந்த கூட்டம் வந்தது. அந்தக் கூட்டம் நடந்தது புதன்கிழமை. புதன் இரவுக்கான வண்டியின் டிரிப் ஷீட்டை எடுத்தோம். இரண்டு பேர் பெயரும் இருந்தது. கேமராவில் அன்று இரவு முழுக்க அவர் பைக் நிறுத்திய இடத்திலேயே நின்றது. டிரைவர் அண்ணன் பின்சீட்டில் என்ன நடந்தது என்று தெரியாது என்று நேர்மையாகச் சொன்னார். ஆனால் ஒன்று சொன்னார். "துரைப்பாக்கம் தாண்டினதும் அந்தப் பொண்ணு வண்டியை நிறுத்தச் சொல்லி, பின்னாலேருந்து இறங்கி முன்சீட்ல வந்து உக்காந்துச்சு. வாந்தி வருதான்னு கேட்டேன். பதில் சொல்லலை."

இதையெல்லாம் அந்த ஆளிடம் மறுபடி காட்டி, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டோம். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "புதன்கிழமையைப் பத்தி என்கிட்ட யாரும் கேட்கலையே" என்றார்.

நகல் கொடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தப் பெண் எழுதிய செவ்வாய்க்கிழமையை நம்பி நாங்கள் அறிக்கை எழுதியிருப்போம். அவர் மேல்முறையீட்டுக்குப் போய்க் கேமராப் பதிவைக் காட்டியிருப்பார். உண்மையான புகார் அங்கே தோற்றிருக்கும், அந்தப் பெண் காலத்துக்கும் பொய்க்காரி ஆகியிருப்பார். அவருடைய மறுப்பை முழுசாகக் கேட்டதுதான் அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது.

புகார் வந்தது சம்பவம் நடந்த இருபத்துநான்காவது நாள். அந்தக் கட்டடத்தின் கேமராப் பதிவு முப்பது நாளில் தானாக அழியும். தலைவர் அன்றைக்கே நிர்வாகப் பிரிவுக்கு மெயில் போட்டுப் பதிவை எடுத்து வைக்கச் சொன்னார். ஆறு நாள் சோம்பியிருந்தால் செவ்வாயும் போயிருக்கும், புதனும் போயிருக்கும். அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது: குழு கூடுவதற்கு முன்பே கேமராப் பதிவு, டிரிப் ஷீட், அட்டை தேய்த்த நேரம், அலுவலக மெயில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப் விஷயத்தில் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு போனையும் நேரில் பார்த்து முழு உரையாடலையும் படிக்க வேண்டும். அந்த டீம் லீடர் கொண்டுவந்த ஸ்கிரீன்ஷாட்டில் அந்தப் பெண் சிரிப்பு பொம்மை போட்டிருந்தார். முழுசாகப் படித்தபோது அதற்கு மேலே "ப்ளீஸ் சார், தூங்கணும்" என்று நான்கு முறை இருந்தது.

எதிரெதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்க விட வேண்டுமா என்பது பெரிய விவாதம். நாங்கள் பின்பற்றும் முறை எளிது. எதிர்த்தரப்பு தன் கேள்விகளை எழுதிக் கொடுக்கும். குழு அதைப் படித்து, அந்தப் பெண்ணின் பழைய வாழ்க்கையையும் உடையையும் பற்றியவற்றை நீக்கிவிட்டு, மற்றதை அந்தப் பெண்ணிடம் கேட்கும். பதிலை எழுதி எதிர்த்தரப்பிடம் காட்டும். அந்தப் பெண்ணுக்கும் இதே உரிமை உண்டு. இருவரும் ஊழியர்கள் என்றால், குழு தான் கண்டதை இருவருக்கும் கொடுத்து, ஆட்சேபம் இருந்தால் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று 11-ஆம் பிரிவே சொல்கிறது. அதிகம் பேர் தாண்டிப் போய்விடும் வரி அது.

அவசரமாக விசாரித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023 மே மாதத் தீர்ப்பு இருக்கிறது. கோவா பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் மேல் மாணவிகள் கொடுத்த புகார்கள். 2009-இல் விசாரணைக் குழு அடுத்தடுத்து அமர்வுகள் வைத்து வேகமாக முடித்ததில், அவருக்குப் பதில் சொல்லப் போதிய அவகாசம் கிடைக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பணிநீக்கத்தை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. பதினான்கு வருடம் கழித்து முதலிலிருந்து! புகார் கொடுத்த மாணவிகளை நினைத்துப் பாருங்கள். வேகம் அவர்களுக்குத்தான் துரோகம் செய்தது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை ஆளுக்கு ஒன்றாகக் கையில் எடுத்துக்கொண்டு சண்டை போடுவதையும் பார்க்கிறேன். 2020-இல், ஒரு பெண் ஊழியரிடம் ஒரே ஒரு முறை கடுமையான சொல்லில் பேசியதை மட்டும் வைத்துப் பாலியல் தொல்லை என்று சொல்ல முடியாது, சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்றது. 2025 ஜனவரியில், தொழிலாளர் நீதிமன்றம் ரத்து செய்த ஓர் உள்ளகக் குழுவின் முடிவை மீட்டுக் கொடுத்து, செய்தவரின் நோக்கம் என்ன என்பதைவிட அந்தச் செயல் அந்தப் பெண்ணுக்கு விரும்பத்தகாததாக இருந்ததா என்பதே முக்கியம் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு எனக்குத் தெரியவில்லை. முதல் தீர்ப்பு எது பாலியல் தொல்லை, எது வெறும் முரட்டுத்தனம் என்று பிரிக்கச் சொல்கிறது. இரண்டாவது, பாலியல் தன்மை உள்ள செயல் என்றால் "நான் சும்மா விளையாட்டுக்குத்தான்" என்பது பதிலாகாது என்கிறது.

பொய்ப் புகார் பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தோழி இரண்டு முறை கேட்டாள். 14-ஆம் பிரிவு, கெட்ட எண்ணத்தோடு பொய்ப் புகார் கொடுத்தால் நடவடிக்கை எடுக்க இடம் தருகிறது. அதே பிரிவு, புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பது மட்டுமே நடவடிக்கைக்குக் காரணம் ஆகாது என்றும் சொல்கிறது. "நிரூபிக்கப்படவில்லை" வேறு, "பொய்" வேறு. பொய் என்று எழுத வேண்டுமானால் கெட்ட எண்ணம் இருந்ததைத் தனியாக விசாரித்து நிறுவ வேண்டும். முதல் கூட்டத்திலேயே அந்தப் பெண்ணிடம் 14-ஆம் பிரிவைப் படித்துக் காட்டுவது சில குழுக்களின் வழக்கம். அது மிரட்டல். நான் இருக்கும் குழுவில் விடமாட்டேன்.

விசாரணை நடக்கும்போது இருவரையும் எங்கே உட்கார வைப்பது? அந்தப் பெண் எழுதிக் கேட்டால் அவரையோ எதிர்த்தரப்பையோ இடம் மாற்றலாம், மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்பு தரலாம், அவருடைய வேலையை இந்த மேலாளர் மதிப்பிடாதபடி செய்யலாம். இது தண்டனை இல்லை என்று மேலாளரிடமும் எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

வெளியே இருக்கும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரிய நிறுவனங்கள் சில, சட்ட நிறுவனத்தை வைத்து விசாரிக்கின்றன. உதவிக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் சட்டம் அதிகாரம் கொடுத்திருப்பது குழுவுக்கு. வக்கீலின் அறிக்கை குழுவின் அறிக்கை ஆகிவிடாது. பத்துப் பேருக்கும் குறைவான இடம் என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ, மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுதான் வழி. தி.நகரில் ஐந்து பேர் நிற்கும் கடையில் வேலை செய்யும் பெண்ணும், வீட்டு வேலை செய்யும் பெண்ணும் ராஜாஜி சாலையில் இருக்கும் சென்னை ஆட்சியர் அலுவலகத்தை அணுகலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தோழி மேலேயே புகார் என்றிருந்தால் நானும் அங்கேதான் அனுப்பியிருப்பேன்.

காவல் நிலையம் என்பது உள்ளகக் குழுவுக்கு மாற்று வழி என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒன்றாக ஓடலாம். இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவு பாலியல் தொல்லையைக் குற்றமாக வைத்திருக்கிறது. அந்தப் பெண் போலீசுக்குப் போக விரும்பினால் உதவுவது முதலாளியின் கடமை என்கிறது 2013 சட்டம். 2021-இல் தமிழகக் காவல்துறையின் சிறப்பு டி.ஜி.பி. ஒருவர் மேல் பெண் அதிகாரி ஒருவர் கொடுத்த புகாரில், ஒரு பக்கம் துறை விசாரணைக் குழு, இன்னொரு பக்கம் சி.பி.சி.ஐ.டி. வழக்கு என இரண்டும் நடந்தன. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. பலாத்காரம், மிரட்டல், பின்தொடர்வது மாதிரியான விஷயங்களில் போலீஸ் வழி கண்டிப்பாக வேண்டும். ஆனால் அங்கே நிரூபிக்க வேண்டிய அளவு அதிகம், காலமும் அதிகம். நாளைக் காலை அந்தப் பெண் யாருக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்வார் என்பதைக் குற்ற வழக்கு தீர்த்து வைக்காது. போகலாமா வேண்டாமா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும்.

சிறுசேரி விசாரணையில் வண்டியில் நடந்ததும் மெசேஜ்களும் நிரூபணம் ஆயின என்று எழுதினோம். ரேட்டிங் பேச்சு நிரூபிக்கப்படவில்லை. தனியறையில் இருவர் மட்டும் பேசியது, அந்த வருட ரேட்டிங்கும் முந்தைய வருடம் போலவே இருந்தது, வேறு எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அதில் வருத்தம். டீம் லீடருக்கு மற்ற இரண்டிலும் வருத்தம். காலை பத்து மணிக்கு அவருக்கும் மாலை நான்கு மணிக்கு அந்தப் பெண்ணுக்கும் ஒரே பக்கங்களைக் கொடுத்தோம். இரண்டு பேரும் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

போன வாரம் தோழி மறுபடி கூப்பிட்டாள். புதுக் குழு அமைந்துவிட்டது. வெளி உறுப்பினராக அடையாறில் குடும்ப நல ஆலோசகராக இருக்கும் ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். மேலாளர் பதினொரு பக்கத்துக்குப் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார், கூடவே நான்கு சாட்சிகள்.

"அந்தப் பொண்ணுக்கு அதோட நகல் போயாச்சா?" என்றேன்.

"இன்னும் இல்லை. படிச்சா மனசு உடைஞ்சு போயிடும்னு தலைவர் தயங்கறாங்க."

"பக்கத்துல வெளி உறுப்பினரை உக்கார வச்சுக் கொடுக்கச் சொல்லு. ஆனா நாளைக்கே கொடுக்கச் சொல்லு."